அத்தியாயம் 6: தப்பு வாருக்கு மணிக்கரை

தோல் வாரின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில், மெல்லிய கயிறு பதிந்ததுபோல் உருண்டு எழும்பி நிற்கும் கோட்டைத்தான் இங்கே மணிக்கரை என்கிறோம். குதிரைக் கடிவாளத்திலும் பழைய இடைவாரிலும் பார்த்திருப்பீர்கள். நுவரெலியாவில் 1875 முதல் பந்தயத் திடல் இருக்கிறது. அங்கே சவாரிக் குதிரைகள் நிற்கும் பக்கம் போனால் கடிவாள வாரின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு மேல் எதையும் ஒட்டியிருக்க மாட்டார்கள். தோலையே இரண்டு பக்கமும் அமுக்கி நடுவில் எழும்ப விட்டிருப்பார்கள்.

இந்த அத்தியாயத்தில் தப்புக்கு ஒரு தோள்வார் செய்து அதில் மணிக்கரை போடுகிறோம். விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்ட தப்பு, மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கும் தப்பு, திருவிழாவுக்கும் சாவுக்கும் வரும் தப்பு என்று தோட்டத்தில் அது இல்லாத காரியம் குறைவு. அப்படிப்பட்ட கருவியைப் பல இடங்களில் நைலோன் கயிற்றில் தோளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அரைமணி நேரம் அடித்தால் கயிறு தோளை அறுக்கும். 30 மிமீ அகல வார் அறுக்காது. அதோடு, நீளமான நேர்கோடு என்பதால் கை பழக இதைவிட நல்ல வேலை கிடையாது.

எந்தத் தோல்?

தப்பின் முகத்தில் கட்டுவது பதனிடாத பச்சைத்தோலை உலர்த்தியது. அதில் கோடு ஏறாது. கைப்பை, சோபா, மலிவுச் சப்பாத்துகளில் வரும் குரோம் பதனிட்ட தோலும் ஆகாது. அது ரப்பர் மாதிரி அமுங்கிவிட்டுத் திரும்பி எழும்பும். மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோல்தான் வேண்டும். தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருச்சி பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டதும், பின்னால் வாட்டில் பட்டைக்கு மாறியதும் இந்த வகைத் தோல்தான். சப்பாத்து அடிப்பாகத்துக்குப் போடும் தடித்த தோல், பழைய கனமான இடைவார் ஆகியவை பெரும்பாலும் இதில் சேரும். நகரத்தில் சப்பாத்து தைப்பவரிடம் கேட்டால் துண்டுகள் கிடைக்கும்.

வாங்கும்போது மூன்று சோதனை:

1. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல்.
2. மேல்முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் நல்லது. உருண்டு ஓடினால் மேலே பூச்சு இருக்கிறது.
3. நனைந்த அந்த இடத்தில் நகத்தால் அழுத்துங்கள். தடம் அப்படியே நிற்க வேண்டும்.

கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. குரோம் தோல் எரியும் புகை உடம்புக்குக் கெடுதல். இந்த மூன்றே போதும்.

அளவு: நீளம் 120 செமீ, அகலம் 30 மிமீ, தடிப்பு 3 மிமீ. அடிப்பவரின் உயரத்துக்கு ஏற்ப நீளம் மாறும். கயிற்றால் அளந்து, அதற்குமேல் 10 செமீ கூட்டி வெட்டுங்கள்.

கருவிகள்

இரட்டைக் கோடு வெட்டும் தனிக் கத்தி வெளிநாட்டில் விற்கிறது. கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 6 மிமீ தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை அராவி எடுத்தால் அதே வேலை நடக்கும்.

1. ஸ்க்ரூ டிரைவரை வைஸில் இறுக்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு அராவக் கூடாது.
2. முனையின் நடுவில் மெல்லிய உருண்டை அரத்தால் 2 மிமீ அகலத்தில் அரைவட்டப் பள்ளம் போடுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு கால் மிஞ்சும்.
3. கால்களின் வெளிப்பக்கத்தைச் சரிவாக அராவுங்கள். நுனி மழுங்கலாக இருக்கட்டும். விரலில் குத்தினால் வலிக்கக் கூடாது.
4. 600, பிறகு 1000 எண் சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பள்ளத்துக்குள் நூலை விட்டு பிராசோ தடவி இழுங்கள். பள்ளம் கண்ணாடிபோல் மின்னும்வரை இதை விடாதீர்கள். பள்ளத்தில் ஒரு சுரண்டல் இருந்தால் 120 செமீ நீளத்துக்கும் அந்தச் சுரண்டல் மணியின் உச்சியில் கோடாக விழும்.

மற்றவை: இரும்பு அடிமட்டம், இரண்டு முனையும் ஊசியான டிவைடர், புது அலகு போட்ட கத்தி, தேக்கரண்டி ஒன்று, ஆணி உள்ளே இறக்கும் பன்ச் (அதன் முனை குழிவாக இருக்க வேண்டும்), மரச் சுத்தியல், வழவழப்பான கல் பலகை. கொய்யாக் கட்டையில் சுத்தியல் செய்துகொள்ளலாம். கல்லறை வேலை, சமையலறைப் பலகை வேலை செய்யும் இடங்களில் கிரனைட் வெட்டுத்துண்டு கிடைக்கும்.

> கவனம்: ஈரமான பட்டைத்தோலில் இரும்புத் தூள் பட்டால் கருநீலப் புள்ளி விழும், போகாது. கொழுந்து பறிக்கிறவர் விரலும் கவ்வாத்துக் கத்தியும் கறுப்பது நாம் தினமும் பார்ப்பதுதான். கத்தியைக் கறுக்க வைக்கும் தேயிலைத் துவர்ப்புதான் இந்தத் தோலிலும் இருக்கிறது. அராவிய மேசையில் தோல் வேலை செய்யாதீர்கள். கருவிகளை ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

ஈரம்: வேலையில் பாதி இதுதான்

மணி எழும்பாதவர்கள் எல்லோரும் கை பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துகிறார்கள். பலத்தால் மணி எழும்பாது. ஈரம் சரியாக இருந்தால் சிறுபிள்ளை அழுத்தினாலும் எழும்பும்.

வெளிநாட்டு நூல்கள் எல்லாம் தோலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, மேல்முகம் பழைய நிறத்துக்குத் திரும்பும்வரை வெளியில் வைக்கச் சொல்லும். கொழும்பு வெக்கையில் அது நடக்கும். 1,868 மீட்டர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை சுற்றி இருக்கும் நுவரெலியாவில், பின்னேரம் பனிமூட்டம் இறங்கிய பிறகு மேல்முகம் உலரவே உலராது. நீங்கள் காத்திருக்கக் காத்திருக்க தோலின் நடுப்பகுதி ஊறிச் சளசளத்துப் போகும். ஆகவே மலைநாட்டில் முக்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

1. முதல் நாள் மாலை, சுத்தமான ஸ்பொஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடிமுகத்தில் இரண்டு தரமும் மேல்முகத்தில் ஒரு தரமும் ஓட்டுங்கள். சொட்டுச் சொட்டாக வைக்காமல் ஒரே இழுப்பில் முழு நீளமும் ஓட்டினால் திட்டு விழாது.
2. வாரைச் சுருட்டிப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். இரவு முழுக்கக் கிடக்கட்டும். ஈரம் தடிப்பு முழுவதும் சமமாகப் பரவும்.
3. காலையில் எடுத்து 20 நிமிடம் வெளியில் வையுங்கள். நிறம் கிட்டத்தட்டப் பழையபடி வந்திருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் கன்னத்துக்குக் குளிர்ந்தால் அதுதான் பதம்.
4. வெட்டிய மிச்சத் துண்டிலும் இதே வேலைகளைச் செய்து வைத்திருங்கள். முதல் கோடு எப்போதும் அந்தத் துண்டில்தான்.

பதம் தெரியாதவருக்கு நகச் சோதனை. நகத்தால் அழுத்தும்போது ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் ஈரம் கூடுதல். தடமும் சில நிமிடத்தில் மூடிக்கொள்ளும். தடம் வெளிறி, கருவி கீச்சிட்டால் ஈரம் குறைவு. தடம் கூர்மையாக நின்று அதன் அடி சற்றுக் கறுத்துத் தெரிந்தால் உடனே வேலையைத் தொடங்குங்கள்.

பருவத்துக்குப் பருவம் இது மாறும். தை, மாசியில் காற்று வறண்டு, சில விடியலில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படியும். அப்போது வாரின் ஓரங்கள் நடுவைவிட முன்னதாகக் காயும். கோடு போடுவதோ ஓரத்தில். வேலை செய்யும் 20 செமீயை மட்டும் வெளியில் விட்டு மிச்சத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். வைகாசி முதல் புரட்டாதிவரை தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், நோர்வூட் பக்கம் நிலைமை தலைகீழ். நனைத்த தோலை இரண்டு நாளுக்கு மேல் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். முடிக்கமுடியாது என்று தெரிந்தால் வெளியே எடுத்து முழுதும் உலரவிட்டு, வேலைக்கு முதல் நாள் மறுபடி ஒற்றுங்கள்.

வாரைத் தயார் செய்தல்

தோல் இழுபடும். கரை போட்ட பிறகு இழுபட்டால் மணி தட்டையாகும். அதனால் முன்கூட்டியே இழுத்துவிட வேண்டும். நனைத்த வாரின் ஒரு முனையைக் கூரை மரத்தில் கட்டி, மறுமுனையில் இரண்டு மூன்று கிலோ கல்லைத் தொங்கவிட்டு ஓர் இரவு விடுங்கள். காய்ந்த பிறகு ஓரங்களை நேராக வெட்டி 30 மிமீக்குக் கொண்டு வாருங்கள். கோடு நேராக வருவது ஓரம் நேராக இருப்பதைப் பொறுத்தது, ஏனென்றால் டிவைடரின் ஒரு கால் ஓரத்தைத் தொட்டபடிதான் ஓடப்போகிறது.

பிறகு மேலே சொன்னபடி ஒற்றிப் பையில் போடுங்கள். காலையில் எடுத்ததும் அடிமுகத்தில் பார்சல் கட்டும் அகல டேப்பை முழு நீளத்துக்கும் ஒட்டிவிடுங்கள். அழுத்தும்போது வார் நீளாமல் அது பிடித்துக்கொள்ளும்.

கரை போடுதல்

அளவுகள்: ஓரத்திலிருந்து 3 மிமீயில் முதல் கோடு, 5 மிமீயில் இரண்டாம் கோடு. நடுவில் எழும்பும் மணி 2 மிமீ. இரண்டு பக்கமும் போட்டால் நடுவே 20 மிமீ வெறுமையாக மிஞ்சும்.

1. வெளிச்சம். லயத்து அறைக்குள் விளக்குக்கு நேர்கீழே உட்காராதீர்கள். பள்ளம் தெரியாது. கதவோரம் அல்லது ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி உட்காருங்கள்.
2. குறித்தல். டிவைடரை 3 மிமீக்கு வைத்து ஓரத்தை ஒட்டி ஓட்டுங்கள். பிறகு 5 மிமீ. கீறக் கூடாது, தடம் தெரிந்தால் போதும். பென்சிலோ பேனாவோ வேண்டாம், மை அழியாது.
3. வெட்டுதல். இரும்பு அடிமட்டத்தைத் தடத்தில் வைத்துக் கத்தியால் 1 மிமீக்கு மேற்படாத ஆழத்தில் வெட்டுங்கள். அலகு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் மணியின் அடி அறுந்து, வார் வளையும்போது மணி உரிந்து வரும். முனைகளில் 2 மிமீ மிச்சம் விட்டு நிறுத்துங்கள்.
4. அமுக்குதல். ஸ்க்ரூ டிரைவரின் இரண்டு கால்களையும் இரண்டு வெட்டில் பொருத்தி, கைப்பிடியை உங்கள் பக்கம் சாய்த்து, 10 செமீ 10 செமீயாக இழுங்கள். முதல் இழுப்பு மெதுவாக, வழி காட்ட மட்டும். இரண்டாவதில் அழுத்தம் கூட்டுங்கள். மூன்றாவதில் மணி உருண்டு எழும்பிவிடும்.
5. வெளிப்பக்கம் தாழ்த்துதல். தேக்கரண்டியின் முதுகால், மணிக்கு வெளியே உள்ள 3 மிமீ ஓரத்தையும் உள்ளே 2 மிமீயையும் மணியை ஒட்டி அமுக்குங்கள். மணி உயர்ந்து தெரிவது இந்தத் தாழ்த்தலால்தான். பலர் இதை விட்டுவிட்டு மணி எடுப்பாக இல்லை என்கிறார்கள்.
6. மறுபடி அமுக்குதல். தாழ்த்தும்போது மணி சற்றுக் கசங்கும். ஸ்க்ரூ டிரைவரை மீண்டும் ஒருதரம் முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். தோல் இப்போது கொஞ்சம் காய்ந்திருப்பதால் பளபளப்பும் ஏறும்.
7. முனைகள். வாரின் முனை கூராகவோ வளைவாகவோ இருந்தால் கடைசியில் செய்யுங்கள். விட்டுவைத்த 2 மிமீயைக் கத்தி நுனியால் இரண்டு பக்கமிருந்தும் சந்திக்கும் புள்ளிவரை வெட்டி, கருவியின் ஒரு காலை மட்டும் ஊன்றித் திருப்புங்கள். வெட்டு ஒன்றை ஒன்று தாண்டினால் எதைக்கொண்டும் மறைக்க முடியாது.

> கவனம்: இந்த வேலையில் கருவி உங்களை நோக்கி வருகிறது. வாரைப் பிடிக்கும் இடது கை எப்போதும் கருவிக்குப் பின்னால், அதாவது உங்களுக்குத் தூரமான பக்கத்தில் இருக்க வேண்டும். வாரை மடியில் வைத்து வெட்டாதீர்கள். மழுங்கிய அலகுதான் அதிகம் வழுக்கும். ஒரு வாருக்கு இரண்டு மூன்று தரமாவது அலகு நுனியை உடைத்துப் புதுசாக்குங்கள். உடைத்த நுனிகளைத் தகரப் பேணியில் போட்டு மூடுங்கள். லயத்து வாசலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் உண்டு.

முத்துவரி, வேண்டுமென்றால்

நடுவில் தனித்தனி முத்துகளாக ஒரு வரிசை போட ஆசை வரும். கணக்குப் பாருங்கள்: 3 மிமீக்கு ஒரு முத்து என்றால் 120 செமீக்கு 400 முத்து. அத்தனையும் ஒரே ஆழத்தில், ஒரே கோட்டில். முதல் வாருக்கு இது வேண்டாம். இரண்டு முனையிலும் 15 செமீ மட்டும் போடுங்கள், பக்கத்துக்கு 50 முத்து. நடுப்பகுதி எப்படியும் தோளில் படிந்து மறைந்துவிடும்.

டிவைடரை 3 மிமீக்கு வைத்து நடுக்கோட்டில் அடியடியாக நடத்திப் புள்ளி வையுங்கள். பன்ச்சின் குழிமுனையைப் புள்ளியில் நிறுத்தி மரச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. இரண்டாம் தட்டில் பன்ச் நகர்ந்து இரட்டை வளையம் விழும். பன்ச் செங்குத்தாக இல்லாவிட்டால் முத்துக்குப் பதில் பிறை விழும். பலமாக அடித்தால் வளையம் தோலை அறுத்து முத்து கழன்றே போகும், அதனால் மிச்சத் துண்டில் பத்து முத்தாவது அடித்து அளவு பிடித்த பிறகு வாருக்கு வாருங்கள். கல்லுக்கு அடியில் மடித்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். லயத்தில் ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குச் சொந்தம். இராத்திரி எட்டு மணிக்குமேல் தட்டுவதைத் தவிர்த்தால் ஊரில் நல்ல பெயரும் மிஞ்சும்.

உலர்த்துதல்

டேப்பை மெதுவாக உரித்து, வாரைக் காற்றோட்டமான இடத்தில் கம்பியில் படாமல் மரத்திலோ நூல்கயிற்றிலோ தொங்கவிடுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் போடுவது இங்கே வழக்கம். தோலுக்கு அது எமன். ஈரமான பட்டைத்தோல் 70 பாகைக்கு மேல் சூடேறினால் சுருங்கி ஓடாகும், பிறகு விரியாது. மழைக்காலத்தில் மூன்று நாலு நாள் எடுத்தாலும் பொறுத்திருங்கள்.

ஓரத்தைக் கறுப்பாக்குதல்

மணியை இயற்கை நிறத்தில் விட்டு வெளி ஓரத்தை மட்டும் கறுப்பாக்கினால் கரை தூரத்திலிருந்தே தெரியும். சாயம் கடையில் வாங்க வேண்டியதில்லை.

1. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நாரைச் சவர்க்காரத்தில் கழுவி எண்ணெய் போக்கிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு வினாகிரி ஊற்றுங்கள். துருப்பிடிக்காத நார் கரையாது, உதவாது. ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கலாம். நெருப்புப் பக்கமும் வைக்காதீர்கள்.
2. தெளிந்ததைத் துணியில் வடியுங்கள்.
3. டஸ்ட் தூளில் கடுஞ்சாயம் இறக்கி, ஆறவைத்து, ஓரத்தில் மட்டும் தூரிகையால் பூசிக் காயவிடுங்கள். தோலில் துவர்ப்பு கூடினால் கறுப்பு ஆழமாகும்.
4. வடித்த இரும்பு நீரைத் தூரிகையில் தொட்டு, துணியில் ஒற்றி, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் பூசுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கறுக்கும். தூரிகை நனைந்திருந்தால் நீர் பள்ளத்தைத் தாண்டி மணிமேல் ஏறிவிடும்.
5. அரை லீட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, அந்தத் துணியால் ஒருமுறை துடைத்து, பிறகு வெறும் நீர்த்துணியால் துடையுங்கள். புளிப்பு தோலில் தங்கினால் சில வருடத்தில் வெடிக்கும்.

அடிமுகத்தில் இந்த நீர் படக்கூடாது. வார் வெள்ளைச் சட்டைமேல்தான் கிடக்கும். சாயம் போடாத பட்டைத்தோலே மழையில் நனைந்தால் பழுப்புக் கறை விடும். கோயில் விசேடத்துக்கு வெள்ளை உடுத்தி அடிப்பவருக்குச் செய்கிறீர்கள் என்றால் தோளில் படும் 30 செமீக்கு அடியில் தடித்த பருத்தித் துணி தைத்துக் கொடுங்கள்.

எண்ணெயும் மெழுகும்

தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் போத்தலில் எப்போதும் வெள்ளைக் கட்டியாக நிற்பது அதனால்தான். தோலுக்குள்ளும் அதே கதை: அதிகம் பூசினால் சில வாரத்தில் மணியின் இரு பக்கப் பள்ளத்திலும் வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சணம் என்று பயந்து சிலர் சவர்க்காரம் போட்டுக் கழுவி வாரையே கெடுக்கிறார்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினின் இளஞ்சூட்டைத் தூரத்தில் காட்டுங்கள். கரைந்து மறைந்தால் எண்ணெய். மறையாமல், பஞ்சுபோல் இருந்து, நாற்றமும் அடித்தால் பூஞ்சணம். அதற்கு வாரை வெளியே கொண்டுபோய், மூக்கு வாயைத் துணியால் மூடிக்கொண்டு உலர் துணியால் துடைத்து, வெயில் படாத காற்றில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். துடைத்த துணியை எரித்துவிடுங்கள்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் தேன்மெழுகு இரண்டு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிடுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். ஆறிய மெழுகை விரல் நுனியில் எடுத்து மிக மெல்லியதாகத் தேயுங்கள். பள்ளத்தில் தங்கியதைப் பல்துலக்கும் பழைய பிரஷால் எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தரம் போதும்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியது

தப்பை நெருப்பில் காய்ச்சும்போது வாரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். முகத்தோல் விறைக்க வேண்டிய அதே சூட்டில் வார் சுருங்கும், முதலில் கெடுவது மணிக்கரைதான். இதற்காகவே வாரின் இரு முனையையும் நிரந்தரமாகத் தைக்காமல், பித்தளைக் கொக்கியோ பித்தளைப் பொத்தானோ வைத்துக் கழற்றிப் பூட்டும்படி செய்யுங்கள். சாதாரண இரும்புக் கொக்கி போட்டால் முதல் மழையிலேயே அதைச் சுற்றித் தோல் கறுத்துவிடும்.